அம்மப்பாவின் சவளும் கரிக்கோச்சிகளும்

எங்கள் பழைய வீட்டின் அடுப்படியில், சாம்பல் அள்ளுவதற்கென்றே ஒரு சவள் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். மண் அள்ளும் சவளின் அமைப்பு அதற்கு இல்லை. தகடு ஒடுங்கி நீண்டது, ஓரங்கள் சற்றே உயர்ந்து வளைந்தவை, மரப்பிடி குட்டையானது. தகட்டின் வலப்பக்க நுனி மட்டும் தேய்ந்து பிறைபோல வளைந்திருக்கிறது. என் அம்மப்பா புகையிரதத் திணைக்களத்தில் பயர்மனாக வேலை செய்த காலத்தில் எஞ்சினின் உலைக்குள் கரி எறிந்த சவள் அது. ஒவ்வொரு எறிதலிலும் உலைவாயின் இரும்பு வளையத்தில் அதே பக்கம் உரசி உரசி வந்த தேய்வு அது. திணைக்களத்தின் சொத்து எங்கள் அடுப்படிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று வீட்டில் எவரும் கேட்டதில்லை. நானும் இங்கே கேட்கப்போவதில்லை.

அம்மப்பாவின் தலைமுறைக்கு அது கோச்சி. கரியில் ஓடியது கரிக்கோச்சி. அரசாங்கத் தமிழில் அது புகையிரதம் ஆயிற்று. தமிழ்நாட்டில் ரயில் என்றும் தொடர்வண்டி என்றும் சொல்கிறார்கள். நாம் மட்டும் டீசல் எஞ்சின் இழுத்துவரும் வண்டிக்கும் புகையையும் இரதத்தையும் சேர்த்துச் செய்த பெயரையே இன்றுவரை வைத்திருக்கிறோம். கொழும்பிலிருந்து இரவு முழுதும் ஓடி விடியற்காலையில் திருகோணமலைக்கு வந்துசேரும் தபால் வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள், புகையிரத நிலையம் என்று எழுதிய பலகையின் கீழாகத்தான் முச்சக்கரவண்டியைத் தேடிப் போகிறார்கள். பெயரில் புகை இருக்கிறது. அந்தப் புகையை உண்டாக்கத் தெரிந்த கைகள் இப்போது எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் சில ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

இலங்கையின் முதல் புகையிரதம் 1864ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. திருகோணமலைக்குப் பாதை வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மாகோவில் பிரிந்து கல்லோயாச் சந்திக்கு வந்து, அங்கிருந்து அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று இறங்கித் துறைமுகத்தை எட்டும் எங்கள் பாதை 1927இல் திறக்கப்பட்டது. மட்டக்களப்புப் பாதை அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டாம் உலகப்போரின்போது இந்தப் பாதையில் ஓடிய சரக்குக்குக் கணக்கே இல்லை என்று அம்மப்பா சொல்வார். அவர் எஞ்சின் துடைப்பவராகச் சேர்ந்த காலம் அது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டுச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்த கதையை அவர் சொல்லும்போதெல்லாம், குண்டைப்பற்றிச் சொல்லாமல் புகையைப்பற்றியே சொல்வார். "அது கெட்ட புகை" என்பார். எந்தப் புகையையும் அதன் நிறத்தை வைத்துத் தரம் பிரிப்பது அவருடைய தொழில்.

நான் பிறந்தது 1961இல். நீராவி எஞ்சின் ஓடியதை நேரில் பார்த்ததாக என் நினைவில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு காட்சி. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கிறேன். எஞ்சினின் சக்கரம் என் தலைக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அதன் அடியிலிருந்து வெள்ளையாக எதுவோ சீறிக்கொண்டு வர, நான் அழுகிறேன். மேலே சாளரத்தில் தெரிந்த கரி பூசிய முகம் அம்மப்பாவுடையது என்று அம்மா சொல்லியும் நான் நம்பவில்லை. அவ்வளவுதான். 1953இல் முதன்மைப் பாதைகளுக்கு டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கியிருந்தன. அடுத்த ஆண்டு கனடாவிலிருந்து வந்தவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே சூட்டினார்கள். பொது முகாமையாளராக இருந்த பி. டி. ரம்பாலவின் காலத்தில் அந்த மாற்றம் ஏறக்குறைய முழுமை பெற்றது. அவர் செய்தது சரியான காரியம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பயர்மனின் வேலை எவ்வளவு கொடியது என்று அறிந்த குடும்பத்தில் பிறந்தவன் கரிக்கோச்சி போய்விட்டதே என்று கண்ணீர் விடமாட்டான். அம்மப்பாவின் வலது முன்கையில் மயிர் முளைத்து நான் பார்த்ததில்லை. அந்தக் கனடா எஞ்சின்களும் இன்று எழுபது வயதைத் தாண்டிய கிழங்கள்; அவற்றில் சில இன்னும் ஓடுகின்றன, அவற்றைப் படம் பிடிக்கவும் ஒரு கூட்டம் கேமராவோடு அலைகிறது என்பது வேறு கதை.

நீராவியை நான் கற்றது எஞ்சினில் அல்ல, நெல்லு மில்லில். தம்பலகாமம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில், நெல் அவிப்பதற்கான கொதிகலனை இருபத்திரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். உமியைப் போட்டு எரிக்கும் பழைய கிடைக் கொதிகலன் அது. உருவத்தில் எஞ்சினின் கொதிகலனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்: ஒரு பக்கம் உலை, அதிலிருந்து தண்ணீருக்கு ஊடாக நெருப்பைக் கொண்டுபோகும் குழாய்கள், மறுபக்கம் புகைபோக்கி. எனக்கு அந்த வேலையைக் கற்றுத் தந்தவர் முள்ளிப்பொத்தானையைச் சேர்ந்த ஒரு நானா. அவர் முதல்நாள் சொன்ன பாடத்தை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் பழைய எஞ்சின்களைப் பாதுகாப்பதைப்பற்றி நான் சொல்லவரும் எல்லாம் அந்தப் பாடத்திலிருந்தே கிளம்புகிறது.

கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியே தெரியும் ஒரு கண்ணாடிக் குழாய் காட்டும். மேல்முனை நீராவிப் பக்கத்தோடும் கீழ்முனை தண்ணீர்ப் பக்கத்தோடும் இணைந்திருப்பதால், உள்ளே உள்ள மட்டமே குழாயிலும் நிற்கும். உலையின் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் இருந்தாக வேண்டும். தண்ணீர்தான் அந்தத் தகட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு அதனைக் காப்பாற்றுகிறது. தண்ணீர் இறங்கித் தகடு வெளிப்பட்டால், சில நிமிடங்களிலேயே இரும்பு சிவந்து இளகி, உள்ளே உள்ள அழுத்தத்துக்குத் தாக்குப்பிடிக்காமல் கிழியும். சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 185 பாகை சூட்டில் இருக்கிறது. அதனை அடக்கி வைத்திருப்பது அழுத்தம் மட்டுமே. அந்த அடைப்பு உடைந்த கணத்தில் தண்ணீரின் ஒரு பகுதி ஒரே வீச்சில் ஆவியாகும். ஆவியாகும் ஒவ்வொரு துளியும் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். கொதிகலன் வெடித்தது என்று நாம் சொல்வது இதனைத்தான். கடைசிப் பாதுகாப்பாக அந்தக் கூரைத் தகட்டில் ஈயம் நிரப்பிய ஓர் அடைப்பு ஆணி இருக்கும். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, நீராவி உலைக்குள் பாய்ந்து, ஆளை எச்சரிக்கும். எஞ்சினிலும் இதே ஏற்பாடுதான். பயர்மன் ஒருவருக்கு ஈயம் உருகியது என்றால் அது அவருடைய வாழ்நாள் அவமானம்.

"தம்பி, கண்ணாடிய நம்பாத. திறந்து ஊதிப் பாத்திட்டு நம்பு," என்றார் நானா. சுண்ணாம்புப் படிவு குழாயின் கீழ் வழியை அடைத்துவிட்டால், உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதும் கண்ணாடியில் பாதி மட்டம் அமைதியாக நின்றுகொண்டிருக்கும். அவர் ஓய்வு பெற்றுப் போன மூன்றாவது ஆண்டு, அறுவடை முடிந்து நெல் குவிந்திருந்த ஒரு நாளில், எனக்கு அதுவே நடந்தது. முதலாளி அவசரப்படுத்தினார் என்பது உண்மைதான். ஆயினும் காலையில் கண்ணாடியை ஊதிப் பார்க்காதது என் பிழை. பதினொரு மணியளவில் உலையின் சத்தம் வேறாகக் கேட்டது. எப்படி வேறாக என்று இன்றும் என்னால் விளக்க முடியாது. பழகிய நாயின் குரைப்பு மாறியதுபோல என்று மட்டும் சொல்லலாம். கீழ்த் திறப்பைத் திறந்தேன். கண்ணாடியில் இருந்த தண்ணீர் இறங்கிப் போயிற்று, மூடியபோது திரும்பி வரவில்லை. அந்த நிலையில் பச்சைத் தண்ணீரை உள்ளே விடுவதுதான் ஆகக் கெட்ட காரியம் என்பதை நானா சொல்லித் தந்திருந்தார். நெருப்பை வெளியே இழுத்துப்போட்டு, காற்றுவழியை மூடிவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கை நடுக்கம் நின்றது பின்னேரம்தான்.

இதனை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீராவி எஞ்சினை இயக்கும் அறிவில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் இறங்காத அறிவு; காதிலும் மூக்கிலும் முன்கையிலும் இருப்பது; ஓர் ஆள் இன்னோர் ஆளின் பக்கத்தில் நின்று பெற்றுக்கொள்ள வேண்டியது. கரியைக் கைமுட்டி அளவுக்கு உடைக்க வேண்டும். உலையின் பின்மூலைகளிலும் ஓரங்களிலும் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் பரப்ப வேண்டும். ஏற்றம் வருவதற்கு முன்பே, ஏற்றத்தில் அல்ல, நெருப்பைத் தயார்செய்ய வேண்டும். புகை இளஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய திரைபோல இருந்தால் கரி முழுதாக எரிகிறது. கறுப்புப் புகை என்றால் கரி எரியாமலே காசோடு சேர்ந்து வானத்துக்குப் போகிறது. இக்காலத்து நீராவி விழாக்களின் படங்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்: கேமராக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி வேண்டுமென்றே கறுப்புப் புகையைக் கக்க வைக்கிறார்கள். அம்மப்பா அந்தப் படங்களைப் பார்த்திருந்தால், பயர்மனை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லியிருப்பார்.

பழைய எஞ்சின் ஒன்றைப் பாதுகாப்பது என்றால் நம்மிடையே பெரும்பாலும் நடப்பது வேறொன்று. ஊரின் பெயர் வேண்டாம். பொது இடமொன்றில் பீடம் கட்டி ஏற்றிவைத்திருந்த ஓர் எஞ்சினைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். தூரத்திலிருந்து அழகாக இருந்தது. கறுப்பும் சிவப்பும் பளபளத்தன. சாரதி நிற்கும் இடத்துக்கு ஏறி உலைக்கதவைத் திறந்தேன். அடித்த வண்ணத்தின் கனத்தில் கதவு ஒட்டிக்கொண்டிருந்தது; இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே காய்ந்த இலைகளும் ஒரு பிஸ்கற் உறையும் கிடந்தன. உலையின் சுவரை வெளித்தகட்டோடு பிணைத்து நிற்கும் ஆணிகள் ஒரு கொதிகலனில் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றின் நடுவே சிறு துளை இட்டிருப்பார்கள். ஆணி உள்ளே விரிசல் கண்டால் அந்தத் துளை வழியே ஆவி கசிந்து காட்டிக்கொடுக்கும். நான் பார்த்த எஞ்சினில் அந்தத் துளைகள் எல்லாமே வண்ணத்தால் அடைபட்டிருந்தன. விரலால் அழுத்தியபோது தகட்டிலிருந்து துரு அப்பளம்போல உதிர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் துருவின்மேல் வண்ணம் அடித்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது வண்ணம் மட்டுமாகத்தான் இருக்கும்.

நாட்டில் நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. முதல் புகையிரதம் ஓடி 150 ஆண்டு நிறைந்த 2014 டிசம்பர் 27இல் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிள்ளைகளை ஏற்றிச்செல்ல வேண்டிய இடம் அது. அதற்கும் முன்பு, 1986இல் தொடங்கிய 'வைஸ்ரோய் விசேட வண்டி'க்காகச் சில நீராவி எஞ்சின்களை மீட்டு ஓடவிட்டார்கள். ஆங்கிலத் தேசாதிபதிகளின் பெயர் தாங்கிய 'சேர் தோமஸ் மெயிற்லண்ட்', 'பிரெட்றிக் நோர்த்' ஆகிய எஞ்சின்கள் அவற்றுள் அடங்கும். (எங்கள் ஊர்க் கோட்டைக்கும் இந்த நோர்த்தின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று நண்பர் ஒருவர் நெடுநாள் சாதித்துக்கொண்டிருந்தார். பிரெட்றிக் கோட்டை பெயர் பெற்றது யோர்க் கோமகன் பிரெட்றிக்கால்; பந்தயத்தில் தோற்றுத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார்.) அந்த வண்டி சுற்றுலாப் பயணிகளுக்கானது, கட்டணம் எம்போன்றோர்க்கு எட்டாதது என்று குறைசொல்வோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. யார் காசு கொடுத்து ஏறினாலும் சரி, உலையில் நெருப்பு இருந்தது. அந்த நெருப்பை ஒருவர் மூட்டினார். அவர் பக்கத்தில் நின்று இன்னொருவர் பார்த்தார். எனக்கு அது போதும்.

இங்கிலாந்தில் இதனை ஒரு மக்கள் இயக்கமாகவே ஆக்கிவிட்டார்கள், அதுவும் அரசாங்கத்தால் அல்ல. தொடக்கம் வேடிக்கையானது. 1950இல் அப்பிள்போர்ட் என்ற கிராமத்தில் ஆர்தர் நேப்பர் என்ற விவசாயி, தன்னிடமிருந்த பழைய நீராவி இழுவை இயந்திரத்தை இன்னொருவரின் இயந்திரத்தோடு வயலில் ஓட்டப் பந்தயம் வைத்தார். பந்தயப் பொருள் ஒரு சிறு பீப்பாய் பியர். நேப்பர் வென்றார். அந்தப் பந்தயத்திலிருந்தே அந்த நாட்டின் நீராவி இயந்திர விழாக்கள் கிளைத்தன. அடுத்த ஆண்டு, 1951இல், வேல்ஸில் மூடப்படவிருந்த தாலிலின் குறும்பாதையைத் தொண்டர்கள் பொறுப்பேற்று ஓட்டத் தொடங்கினார்கள். உலகில் அப்படி நடந்தது அதுவே முதன்முறை. பிரித்தானியப் புகையிரதம் 1968 ஆகஸ்டில் முதன்மைப் பாதைகளில் நீராவியைக் கைவிடும்வரை, பழைய எஞ்சின்களைப் பழைய இரும்புக்கு விற்றுத் தள்ளிக்கொண்டிருந்தது. வேல்ஸில் பாரி என்ற துறைமுக நகரத்தில் ஒரு பழைய இரும்பு வியாபாரி 297 எஞ்சின்களை வாங்கினார். சரக்குப் பெட்டிகளை உடைப்பது இலகுவான வேலை என்பதால் அவற்றை முதலில் உடைத்துக்கொண்டு, எஞ்சின்களைப் பிறகு பார்க்கலாம் என்று கடற்காற்றில் நிறுத்திவைத்தார். அந்தத் தாமதத்தின் பலனாக 213 எஞ்சின்கள், ஒவ்வொன்றாக, பணம் சேர்த்து வந்த கூட்டங்களால் மீட்கப்பட்டன. சோம்பலைப்போலப் பாதுகாப்புக்கு உதவிய நற்குணம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த நாட்டுக் கதையில் என்னை உண்மையாக நிறுத்தி வைத்தது வேறொரு செய்தி. ஒரு குறிப்பிட்ட வகை விரைவு எஞ்சின்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்டுவிட்டதே என்று, 1994இல் ஒரு குழுவினர் பழைய வரைபடங்களை வைத்துப் புத்தம் புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். வாரத்துக்கு ஒரு குவளை பியரின் விலை என்ற கணக்கில் ஆயிரக்கணக்கானோர் தந்த பணத்தில், 'டொர்னேடோ' என்ற அந்த எஞ்சின் 2008இல் ஓடியது. ஆனால் அதன் கொதிகலனை இங்கிலாந்தில் செய்யவில்லை. யேர்மனியில், நீராவி எஞ்சின் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்த மைனிங்கன் பணிமனையில் செய்வித்தார்கள். ஸ்டீபன்சன் பிறந்த நாடு, உலகத்துக்கே எஞ்சின் விற்ற நாடு, நாற்பது ஆண்டு இடைவெளியில் அவ்வளவு பெரிய கொதிகலனுக்காகப் பிறநாட்டுக்குப் போக நேர்ந்தது. தகடும் வரைபடமும் அவர்களிடம் இல்லாமலில்லை.

எங்களுக்கு அண்மையில் இருக்கும் எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. மூத்த மகளின் திருமணப் புடைவை எடுக்கப் போன பயணத்தில், வீட்டாரின் முணுமுணுப்பையும் பொருட்படுத்தாமல் ஒரு நாளைப் பிரித்து நீலகிரி மலைவண்டியில் ஏறினேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீற்றர். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் தொடங்குகிறது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்வரிசை ஒன்று பதித்திருக்கிறார்கள், எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. நான்கு உருளைகள்: இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு, முதலிரண்டில் வேலை செய்துவிட்டு வரும் நீராவியையே ஏற்றத்தில் மற்ற இரண்டுக்கும் திருப்பிவிடுகிறார்கள். ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்கும் கெட்டித்தனம் அது.

ஹில்குரோ நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். எல்லோரும் தேநீருக்குப் போக, நான் எஞ்சினின் பக்கத்திலேயே நின்றேன். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் கையில் பஞ்சுக் கழிவை வைத்துக்கொண்டு இறங்கினார். தண்டுகள் இணையும் இடங்களில் புறங்கையை ஒவ்வொன்றாக வைத்து வைத்து எடுத்தார். சூடு மிஞ்சினால் எண்ணெய் போதவில்லை என்று பொருள். உள்ளங்கையால் தொடமாட்டார்கள், சுட்டால் பிறகு எதையும் பிடிக்க முடியாது. நானா செய்ததும் அப்படித்தான். மேலே ஏறியதும் அந்த இளைஞர் முதலில் செய்தது, கண்ணாடிக் குழாயின் கீழ்த் திறப்பைத் திறந்து ஊதியது. அந்த 'உஸ்' என்ற சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அங்கேயே தேநீர் குடித்த நிறைவு. அந்தப் பாதையில் ஓடும் எஞ்சின்கள் யாவும் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த பழையவை அல்ல. திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011இலிருந்து புதிதாகக் கட்டியவையும் அவற்றோடு சேர்ந்தன. யுனெஸ்கோ 2005இல் பட்டம் கொடுத்தது என்பதைவிட, பொன்மலையில் இன்னும் கொதிகலன் செய்யத் தெரிந்த தமிழ்பேசும் கைகள் இருக்கின்றன என்பதே எனக்குப் பெரிய செய்தி. 1855இல் கட்டப்பட்டு, நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற ஈ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினை 2010இல் மீண்டும் ஓடவைத்ததும் சென்னைப் பெரம்பூரின் பணிமனைதான். காணாமற்போயிருந்த பாகங்களை அங்கேயே செய்து பொருத்தினார்கள்.

இவ்வளவு பாகங்களை மாற்றிவிட்டால் அது பழைய எஞ்சினா என்று கேட்பவர்கள் உண்டு. அருங்காட்சியகத் துறையினருக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல என்பதை அறிவேன்: ஓடும் ஒவ்வொரு மைலிலும் பழைய உலோகம் தேய்கிறது, தேய்ந்ததை மாற்றும்போது, அதனைச் செய்த மனிதனின் உளித்தடமும் போய்விடுகிறது. சில எஞ்சின்களை, நாட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியவற்றை, தொடாமல் கூரைக்குள் வைப்பதே முறை. ஆனால் எல்லாவற்றுக்கும் அதே விதி என்றால், கோயில் தேரை நாம் என்ன செய்வது? எங்கள் ஊர்க் கோயில்களில் திருவிழாவுக்கு முன் தேரைச் சோதித்து, உளுத்த இலுப்பைச் சட்டத்தை எடுத்து வேறு போடுகிறார்கள். அச்சு மாறும், சக்கரம் மாறும், வடம் மாறும். பாட்டன் இழுத்த தேர் இது என்று சொல்லித்தான் பேரனும் வடம் பிடிக்கிறான். ஒருவரும் மரத்தின் வயதைக் கேட்பதில்லை. தேர் ஓடுவதால்தான் தேர்த் தச்சனுக்கு வேலை இருக்கிறது, முட்டுக்கட்டை போடுகிறவனுக்குக் கை பழகுகிறது. ஓடாத தேரின் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு மீதி தெரியும்.

கரியைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நேர்மையாகாது. சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வேண்டாம் என்று கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். 2016இல் அது கைவிடப்பட்டபோது மகிழ்ந்தேன். எங்கள் பாதையில் ஒரு நாளைக்காவது நீராவி எஞ்சின் ஓட வேண்டும் என்று நான் சொன்னபோது, இப்போது கரிக்கோச்சி கேட்கிறாயே என்று என் மகள் மடக்கினாள். அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதே என் மறுமொழி. அந்த மின்நிலையம் ஒரே நாளில் எரித்திருக்கக்கூடிய கரியில், ஓர் எஞ்சின் ஆண்டுக்கொருமுறை வீதம் பல தலைமுறைகளுக்கு ஓடும். அதுவும் உறுத்துமானால், நீலகிரியில் செய்ததுபோல் எண்ணெயில் எரிக்கலாம். சவளுக்கு வேலை இல்லாமல் போகும் என்பது மட்டும்தான் என் வருத்தம். பணத்தைப்பற்றி மகள் கேட்டதற்கு என்னிடம் நல்ல மறுமொழி இல்லை. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட எஞ்சின்களின் கொதிகலனைப் பொதுவாகப் பத்தாண்டுக்கொருமுறை எஞ்சினின் அடிச்சட்டத்திலிருந்து தூக்கி எடுத்து, குழாய்களையெல்லாம் உருவி, தகடு தகடாகச் சோதித்த பின்பே மீண்டும் நெருப்பு மூட்ட விடுகிறார்கள். அந்தச் செலவு சிறியதல்ல. அதனைச் சுருக்கவும் கூடாது. கிணற்றடியில் உட்கார்ந்து கை நடுங்கியவன் சொல்கிறேன், சோதனை இல்லாமல் ஓடும் எஞ்சினைவிடப் பீடத்தில் துருப்பிடிக்கும் எஞ்சினே மேல்.

2027இல் எங்கள் பாதைக்கு நூறு வயது ஆகிறது. மாலையும் மேடையும் பேச்சும் எப்படியும் இருக்கும். எனக்கு ஓர் ஆசைதான்: கொழும்பு தெமட்டகொடை எஞ்சின் கொட்டகையில் ஓடும் நிலையில் இருக்கும் நீராவி எஞ்சின் ஒன்றை அன்று கல்லோயாச் சந்திவரை கொண்டுவந்து, அங்கிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீற்றரை, கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களுக்கு ஊடாக, தம்பலகாமத்தைத் தாண்டி, சீனக்குடாவில் கடல் தெரியும் வளைவுவரைக்கும், அவசரமில்லாமல் ஓட்டிவர வேண்டும். யானை கடக்கும் காட்டுப் பகுதி என்பதால் மெதுவாகத்தான் வரவேண்டும். நீராவிக்கு அது இடைஞ்சல் இல்லை. முதல்நாள் மாலையே மெல்லிய தீயை மூட்டிவிட வேண்டும். குளிர்ந்த கொதிகலனை அவசரப்படுத்தினால் தகடு ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் குழாய் மூட்டுகள் கசியும். அந்த இரவு முழுதும் எஞ்சினோடு ஒருவர் விழித்திருக்க வேண்டும். தம்பலகாமத்து மில்லில் என் வேலையை இப்போது பார்க்கும் பையனை அந்த இரவுக்கு அனுப்பிவைக்க நான் தயார். கண்ணாடியை ஊதிப் பார்க்காமல் அவன் காலைத் தேநீர்கூடக் குடிப்பதில்லை.

பழைய வீட்டில் இப்போது அக்காதான் இருக்கிறா. போன வாரம் போயிருந்தபோது, 2027இல் கரிக்கோச்சி வந்தால் அந்தச் சவளை ஒரு நாளைக்கு இரவல் தர வேண்டும் என்று கேட்டேன். விறகடுப்பிலிருந்து சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கொண்டு போ. கழுவித் திருப்பித் தா," என்றா.